அவசரப் பிரிவில் ஏன் இவ்வளவு கூட்டம்?

ஜெலுத்தோங்_பையன்:
போன வாரம் அம்மாவுக்கு மூச்சிரைப்பு வந்து பினாங்கில் ஓர் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். மஞ்சள் மண்டலத்தில், அதாவது ஓரளவு அவசரமானவர்களுக்கான பகுதியில், சீக்கிரமே பார்த்துவிட்டார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வார்டில் சேர்க்கச் சொல்லி டாக்டர் எழுதிய பிறகும் மறுநாள் மதியம் வரை அங்கேயே ஸ்ட்ரெச்சரில்தான் கிடந்தார். வெளியே லேசான நோய்க்காரர்களுக்கான பச்சை மண்டலம் சந்தை மாதிரி இருந்தது. 1 வெள்ளி (ரிங்கிட்) வைத்தியம் என்பதால் சளி இருமலுக்கெல்லாம் வந்து அடைத்துக்கொள்கிறார்கள் என்கிறார் மாமா. அதுதான் காரணமா?

இரவுத்_தாதி:
சளிக்காரர் உங்கள் அம்மாவின் கட்டிலைப் பிடித்து வைத்திருக்கவில்லையே தம்பி. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்து, மருந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். உண்மையில் இடத்தை அடைப்பது அட்மிட் ஆகியும் மேலே போக முடியாதவர்கள். வார்டில் கட்டில் காலியாவதில்லை, காலியானாலும் பார்த்துக்கொள்ளத் தாதி இல்லை, பலர் சிங்கப்பூருக்கும் சவூதிக்கும் போய்விட்டார்கள். கீழே இருக்கிற நாங்கள் புதிதாக வருபவரையும் கவனித்து, மேலே போயிருக்க வேண்டியவருக்கு வேளாவேளைக்கு மருந்தும் கொடுக்க வேண்டும், அதற்குள் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும், இறக்க இடம் இருக்காது. கனடாவில் ஒன்டாரியோ மருத்துவமனைகளை வைத்து 2007இல் ஓர் ஆய்வு வந்தது. லேசான நோயோடு வருபவர்களால் மற்றவர்களின் காத்திருப்பு கூடுவது மிகச் சொற்பம் என்றுதான் அதில் தெரிந்தது.

செந்தூல்காரன்:
அக்கா, அதற்காகப் பச்சை மண்டலத்தை அப்படியே விட்டுவிடலாமா? ஷிப்டு முடிந்து இரவு 8 மணிக்குக் காய்ச்சலோடு வருபவன் எங்கே போவான்? அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தான் பெரும்பாலும் 5 மணிக்கு மூடிவிடும், இரவு 9.30 வரை இருப்பவை சிலதான். தனியார் கிளினிக்கில் மருந்தோடு அறுபது எழுபது வெள்ளி போய்விடும், எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) இல்லாவிட்டால் மறுநாள் சம்பளமும் போச்சு. 2023இல் மடானி மருத்துவத் திட்டம் என்று ஒன்று வந்தது, எஸ்டிஆர் என்ற அரசு ரொக்க உதவி பெறும் குடும்பம் சில மாவட்டங்களில் தனியார் கிளினிக்கில் ஆண்டுக்கு 250 வெள்ளி வரை இலவசமாகப் பார்க்கலாம் என்றார்கள். எங்கள் பிளாட்டில் கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை.

இரவுத்_தாதி:
சரி, அந்த ஆளை நானும் குறை சொல்லவில்லை. நாற்காலி வரிசை குறையும், ஆனால் ஸ்ட்ரெச்சர் வரிசை அப்படியே இருக்கும் என்கிறேன். வார்டில் காலை ரவுண்டிலேயே 'வீட்டுக்குப் போகலாம்' என்று சொல்லிவிடுவார்கள், அப்புறம் கடிதம், மருந்து எல்லாம் ஆகி, மகன் வேலை முடிந்து வந்து கூட்டிப் போக மாலையாகிவிடும், அதுவரை அந்தக் கட்டில் யாருக்கும் இல்லை. பக்கவாதம் வந்த பெரியவரைக் கூட்டிப் போக ஆளே வராத குடும்பமும் உண்டு. முதியோர் இல்லத்தில் மாதம் ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள், அந்தக் குடும்பமும் என்னதான் செய்யும்!

ஜெலுத்தோங்_பையன்:
அப்படியானால் வீட்டுக்குப் போகிறவர்களை வேறு அறையில் உட்கார வைத்தால் என்ன?

இரவுத்_தாதி:
சில மருத்துவமனைகளில் அப்படி அறை வைத்திருக்கிறார்கள். உட்கார முடிந்தவர்களுக்குச் சரி. படுத்த படுக்கையாக இருப்பவர்களை எங்கே வைப்பது?