கோதுமை இல்லை, முட்டையும் இல்லை: ராகி கேக் நிற்குமா?

ஆனைமலை அடுப்பு:
பொள்ளாச்சி, கொழிஞ்சாம்பாறை பக்கம் வாட்ஸாப்பில் ஒரு ராகி கேக் செய்முறைக் குறிப்பு சுத்திட்டு இருக்குதுங்க. ராகி மாவு 2 கப், தயிர் 1 கப், சர்க்கரை 1 கப், எண்ணெய் அரை கப், ஆப்பசோடா 1 டீஸ்பூன். முட்டை, மைதா, கோதுமை மூணும் கிடையாது. கடைசி வரி: "சுகர் இருக்கறவங்களும் தாராளமா சாப்பிடலாம்."

ரெண்டையும் நான் ஒத்துக்க மாட்டேன். ஒண்ணு, இது நிக்காது. கேக்குல எழும்பற காத்தைப் பிடிச்சு வைக்கறது கோதுமையில இருக்கற குளூட்டன்ங்கற பசைப் புரதமும், சூட்டுல இறுகற முட்டையும். ராகியில குளூட்டனே இல்லை. முட்டையையும் எடுத்துட்டா அடுப்புல உப்பும், வெளிய எடுத்ததும் நடுவுல குழி விழும், கத்தி வெச்சா புட்டு மாதிரி உதிரும். 200 கிராம் மாவுன்னா 120 ராகி, 80 சலிச்ச கோதுமை மாவு. கோதுமை அதுக்குக் கீழ போகக் கூடாது. ரெண்டாவது அந்த சுகர் சமாச்சாரம், அதுக்கு அப்புறம் வர்றேன்.

அட்டப்பாடிக் களி:
அண்ணா, களி கிண்டிப் பாருங்க, துடுப்பே நட்டமா நிக்கும். அதுல என்ன குளூட்டன் இருக்குது? வெந்த மாவுச்சத்துதான் பிடிச்சு நிறுத்துது. கேக்குலயும் அதையே செய்ய வைக்கலாம், மாவு நல்லாத் தண்ணி குடிச்சிருக்கணும், அவ்வளவுதான். ராகி தோலோட அரைபடற தானியம். தவிடு மெதுவாத்தான் ஊறும். கலக்கின உடனே அடுப்புல ஏத்தினா, மாவு ஊறறதுக்குள்ள மேல்பக்கம் இறுகிடும். உதிர்றதும் நாக்குல மணல் மாதிரி நெருடறதும் அதனாலதான்.

7 அங்குல வட்டத் தட்டுக்கு அளவு: ராகி மாவு 120 கிராம், சாமை மாவு 40, கூவப்பொடி (ஆரோரூட் மாவு) 40. கெட்டியான, அதிகம் புளிக்காத தயிர் 200 கிராம். வெல்லம் 140 கிராம், அதைக் கரைக்க 60 மில்லி தண்ணி. எண்ணெய் 80 மில்லி. இசப்கோல் உமி 4 கிராம் (ஊறினா வழவழன்னு பசையாகிற உமி), மருந்துக்கடையில கிடைக்கும். பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், ஆப்பசோடா அரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காய்.

ராகி, சாமை ரெண்டையும் சிறு தீயில 4 நிமிஷம் வறுத்து ஆற வைங்க. பச்சை வாடை போனா போதும், நிறம் மாறக் கூடாது. வெல்லப்பாகை வடிகட்டி நல்லா ஆறினதுக்கு அப்புறம் தயிர், மாவு, இசப்கோலோட கலந்து 40 நிமிஷம் மூடி வைங்க. மாவு இட்லி மாவுப் பதத்துக்கு வரும். ரொம்ப இறுகினா 30 மில்லி பால். பிறகு எண்ணெய். கூவப்பொடியோட சோடா, பேக்கிங் பவுடர், உப்பைச் சலிச்சுக் கடைசியாப் போட்டு, ஒரே சீராக் கலந்து, உடனே அடுப்பு. சோடா போட்ட மாவு காத்திருக்காது. முன்கூட்டியே சூடான அவன்ல 170 டிகிரி, 38 முதல் 42 நிமிஷம். முதல் 25 நிமிஷம் கதவைத் திறக்காதீங்க.

'அதிகம் கலக்கக் கூடாது'ங்கறது மைதாவுக்கான பயம். இங்க இழுபடற பசையே இல்லை, சோடா போடறதுக்கு முன்னால எவ்வளவு அடிச்சாலும் கேக் ரப்பர் ஆகாது.

மறையூர் உருண்டை:
அந்தக் குறிப்பு கெட்டுப்போனதே சர்க்கரைங்கற வார்த்தையிலதான். மலையாளத்துல ஷர்க்கர என்றால் வெல்லம், வெள்ளைச் சீனிக்குப் பஞ்சசார. மலையாளக் குறிப்பை யாரோ எழுத்துக்கூட்டித் தமிழாக்கி, உடுமலைப் பக்கம் எல்லோரும் அஸ்காவை (வெள்ளைச் சீனியை) அள்ளிப் போடுகிறார்கள். சீனியில் புளிப்பு இல்லை. வெல்லத்தில் கொஞ்சம் உண்டு, சோடா வேலை செய்ய அதுவும் உதவும். ஈரத்தையும் பிடித்து வைக்கும்.

சோடாக் கணக்கும் தப்பு. ஒரு கப் தயிர் அரை டீஸ்பூன் சோடாவைத்தான் தின்று தீர்க்கும். ஒரு டீஸ்பூன் போட்டால் மீதி அப்படியே தங்கும். சோப்பு ருசி, ராகி கருத்துப்போவது, பொங்கி நடுவில் அமுங்குவது மூன்றுக்கும் வேர் அங்கேதான்.

வெல்லம் எதுவானாலும் சரி. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் மறையூர் உருண்டை உப்புக் கரிக்காது, அதனால் கேக்குக்குப் பொருந்தும் (ஊர்ப்பெருமை, மன்னிக்கவும்). பாகை மட்டும் சூடாக ஊற்றாதீர்கள், தயிர் திரியும்.

கொல்லங்கோட்டு மாமி:
எல்லாரும் ஒண்ணை விட்டுட்டேள். குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சற முளைகட்டின ராகி மாவை 'சத்து ஜாஸ்தி'ன்னு கேக்குல போடப்படாது. முளை விட்டா ராகியில மாவுச்சத்தை உடைக்கற நொதி ஊறிடும். கஞ்சி தண்ணியா இறங்கறது அதனாலயாக்கும். கேக்குல அதே நொதி, பிடிச்சு நிறுத்த வேண்டிய மாவுச்சத்தையே கரைச்சுடும். குச்சி சுத்தமா வரவே வராது, அடியில களிம்பு மாதிரி ஒரு அடுக்கு நிக்கும். இன்னும் அஞ்சு நிமிஷம், இன்னும் அஞ்சு நிமிஷம்னு வெச்சு மேல கரியறதுதான் மிச்சம். அதுலயும் 40 நிமிஷம் ஊற வெச்சேளோ, கேக்கவே வேண்டாம். வாசனைக்கு வேணும்னா ரெண்டு டேபிள்ஸ்பூன், அதுக்கு மேல கூடாது.

ஆனைமலை அடுப்பு:
இசப்கோலும் கூவப்பொடியும் சேர்த்தா நிக்கும், சரி, அதை ஒத்துக்கறேன். ஆனா அந்த வாட்ஸாப் குறிப்புல அது ரெண்டும் இல்லையே. 'ராகி மட்டும்'னு சொல்லிட்டு ரெண்டு முட்டுக் கொடுக்கறீங்க.

நின்னாலும் மறுநாள் என்ன ஆகுது? ஆறின மாவுச்சத்து இறுகும். கோதுமை கலந்தது ரெண்டாம் நாளும் மெத்துன்னு இருக்கும், உங்களுது விறைச்சுக்கும். ஃபிரிட்ஜ்ல வெச்சா இன்னும் சீக்கிரம்.

இப்ப சுகர். 140 கிராம் வெல்லம், 8 துண்டுன்னா துண்டுக்கு 17 கிராமுக்கு மேல. வெல்லத்துல பெரும்பகுதி சீனியில இருக்கற அதே சுக்ரோஸ்தான். உலக சுகாதார நிறுவனம் 2015ல சொன்ன கணக்குப்படி, நாளைக்கு 25 கிராமுக்குள்ள இருந்தா ரொம்ப நல்லது, 50 மேல் எல்லை. அந்த 25ல முக்கால் பங்கு கிட்ட ரெண்டு வாயில முடிஞ்சுது. ராகியில கால்சியம்ங்கறாங்க. 100 கிராம்ல 350 மில்லிகிராம் சுமாரா இருக்குது, பொய்யில்லை. ஒரு துண்டுக்குள்ள போறது 15 கிராம் ராகி, அப்ப 50 மில்லிகிராம். ஒரு நாளைக்குப் பெரியவங்களுக்கு 1000 வேணும். நைசா அரைச்ச மாவு சீக்கிரம் செரிக்கவும் செய்யும். இதைச் சுகர்காரங்க 'தாராளமா' சாப்பிடலாம்னு எழுதறது பொறுப்பில்லாத பேச்சு.

அட்டப்பாடிக் களி:
அந்த வரியை நானும் தாங்கிப் பிடிக்கலையே அண்ணா. மைதா கேக்கைவிட நார்ச்சத்து கூடுதல், அவ்வளவுதான் சொல்லலாம். வெல்லத்தை 100 கிராமுக்கு இறக்கி, நல்லாப் பழுத்த நேந்திரம்பழம் ஒண்ணை வேக வெச்சு மசிச்சு 80 கிராம் சேர்க்கலாம். தயிர் 170 போதும். அதுக்கு மேல பழம் கூடினா கேக் கொழுக்கட்டை ஆயிடும்.

விறைக்கறது உண்மை. துண்டை ஆவியில ரெண்டு நிமிஷம் காட்டினா பழைய பதம் வந்துரும். இந்த ஈரக்காத்துல வெளிய ரெண்டு நாள் தாங்கும், மூணாம் நாள் பூஞ்சை பிடிச்சாலும் பிடிக்கும்.

கம்பம் மெட்டு:
கோதுமை கலக்கச் சொல்பவரும் வேண்டாம் என்பவரும் ஒன்றைக் கவனியுங்கள். ருசிக்காகத் தவிர்ப்பது வேறு, குளூட்டனே உடம்புக்கு ஆகாத சீலியாக் நோய்க்காகத் தவிர்ப்பது வேறு. சீலியாக் உள்ளவர்களுக்கு ஒரு சிட்டிகை கோதுமையும் ஆகாது. மாவு மில்லில் கோதுமை அரைத்த கல்லில் ராகி போட்டால் முதல் படி மாவிலேயே கோதுமை கலந்துவிடும். மில்காரர் துடைத்துக் கொடுத்தாலும் நம்ப முடியாது. அந்த வீட்டில் தனி மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்வதே வழி.

அவன் இல்லாதவர்கள் குக்கரில் உப்பைக் கொட்டிச் சுடுகிறார்கள். கேஸ்கட், வெயிட் இரண்டையும் கழற்றினாலும் தண்ணீரில்லாமல் ஒரு மணி நேரம் காய்வது குக்கர் அடிப்பக்கத்துக்கு நல்லதில்லை, பிறகு அதிலேயே பருப்பு வைக்கப் போகிறீர்கள். பழைய கனமான இரும்புச் சட்டியும் தட்டு மூடியும் போதும். உள்ளே ஒரு இரும்புப் பிரிமணை (தட்டைத் தாங்கும் வளையம்), நடுத்தீயில் 10 நிமிடம் சூடாக்கி, தட்டை வைத்துச் சிறு தீயில் 50 நிமிடம். மூடிக்கு அடியில் துணி கட்டுங்கள், இல்லையென்றால் வியர்வை சொட்டி மேல்பக்கம் நசநசக்கும். துணி முனை தீப்பக்கம் தொங்காமல் மேலே முடிந்துவிடுங்கள்.

ஆனைமலை அடுப்பு:
பிரிமணை யோசனை நல்லாருக்குதுங்க. சீலியாக்னு வந்தா நான் கோதுமைக் கட்சி பேச மாட்டேன். மத்தவங்களுக்கு 120க்கு 80 தான் என் கணக்கு, அதுக்கு இசப்கோலும் வேண்டாம், கூவப்பொடியும் வேண்டாம்.

மறையூர் உருண்டை:
சாமைக்குப் பதில் கம்பு போடலாமா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருக்கிறார். போடலாம், ஆனால் அரைத்து ஒரு வாரத்துக்குள். கம்பில் எண்ணெய்ப்பசை அதிகம், மாவு சீக்கிரம் காறல் அடித்துக் கசக்கும். ஏலக்காய் அதை மறைக்காது.

கொல்லங்கோட்டு மாமி:
சூடா வெட்டிப் பாத்து 'உதிர்றது'ன்னு யாரும் வந்து எழுதாதேங்கோ. தட்டுல 10 நிமிஷம், வெளிய எடுத்து மூணு மணி நேரம். அப்பறமாக் கத்தி.