ஓடத் தொடங்கிய நாட்களில் எதிர்ப்பட்டவர்கள்: அனுபவப் பகிர்வு

நெடுந்தூர ஓட்டத்தைத் தொடங்க நினைப்பவர்களுக்கு அட்டவணைகளுக்கும் அறிவுரைகளுக்கும் குறைவில்லை. அவற்றைவிட அதிகமாக எனக்கு உதவியவர், பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாத ஒரு பெரியவர். அதுபோல, உங்கள் தொடக்க நாட்களில் வழியில் எதிர்ப்பட்டு ஏதேனும் கற்றுக்கொடுத்தவர்களைப் பற்றி இங்கே எழுதுங்கள். முதலில் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மூச்சு வாங்க நான் நின்றிருந்த இடத்துக்கு வந்ததும் அவர் வேகத்தைக் குறைத்து, "வாங்க, பேசிக்கிட்டே போகலாம்" என்றார். என்ன வேலை, வீட்டில் யார் யார், என்ன படித்தீர்கள் என்று அவர் அடுக்கிக்கொண்டே போக, நானும் பதில் சொல்லிக்கொண்டே உடன் ஓடினேன். என் பதில் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கும்போதெல்லாம் அவருடைய வேகம் தளர்ந்தது; முழு வாக்கியமாக வரத் தொடங்கியதும் பழையபடி கூடியது. என் குடும்ப விவரத்தில் அவருக்குப் பெரிய அக்கறை ஏதுமில்லை, என் மூச்சைத்தான் அளந்துகொண்டிருக்கிறார் என்பது வெகுதூரம் போன பிறகே புரிந்தது.

இதற்கு உடலியல் சார்ந்த காரணம் உண்டு. மிதமான வேகத்தில் தசைகள் தமக்கு வேண்டிய ஆற்றலைப் பெரும்பாலும் ஆக்சிஜனைக் கொண்டே தயாரித்துக்கொள்கின்றன. ஓர் எல்லையைத் தாண்டினால் இரத்தத்தில் அமிலத்தன்மை கூடி, அதைச் சமன்செய்யும்போது உண்டாகும் கார்பன் டைஆக்சைடை வெளியேற்ற மூச்சு வேகமெடுக்கிறது. பேச்சு துண்டு துண்டாகிறது. கைக்கடிகாரங்கள் காட்டும் இதயத் துடிப்பு மண்டலங்கள் (மெதுவான, மிதமான, கடினமான ஓட்டத்துக்கான துடிப்பு வரம்புகள்) பலவும், 220இலிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பை மதிப்பிடும் கணக்கில் அமைந்தவை. அது ஒரு சராசரிதான். தனி ஒருவருக்கு 10 துடிப்புகளுக்கு மேலும் தவறலாம். ஆகவே புதியவருக்குப் பேச்சே நம்பகமான அளவுகோல் என்பது என் கருத்து. பேச முடிகிற வேகத்தில் போகும்போது விறுவிறுவென நடப்பவர்கள் நம்மைத் தாண்டிச் செல்வார்கள், செல்லட்டும்.

•

மேலே உள்ளதைப் படித்ததும் ஓட்ட வரலாற்றில் நன்கு அறியப்பட்ட ஒரு சந்திப்பு நினைவுக்கு வந்தது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பீட்டர் ஸ்னெல், முர்ரே ஹால்பெர்க் ஆகிய இருவரைத் தங்கம் வெல்ல வைத்த நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட், பின்னர் ஆக்லாந்தில் விளையாட்டு வீரர்கள் அல்லாத நடுத்தர வயதினரையும் மெதுவாக ஓட வைத்தார். 1962 இறுதியில் அங்கு சென்ற அமெரிக்கத் தடகளப் பயிற்சியாளர் பில் பவர்மன், தாமும் அந்தக் கூட்டத்தோடு ஓடிப் பார்த்தார். வீரர்களை உருவாக்குவதில் பெயர் பெற்றிருந்த அவரால் அந்தச் சாதாரண மனிதர்களுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. எழுபது வயதைக் கடந்த, இதய நோயிலிருந்து மீண்ட ஒருவர்தான் பின்தங்கி வந்து அவருக்குப் பேச்சுத் துணையாக ஓடினார். ஊர் திரும்பிய பவர்மன் பொதுமக்களுக்கு மெதுவோட்டம் கற்பிக்கத் தொடங்க, அமெரிக்காவில் அந்தப் பழக்கம் பரவ அது ஒரு முக்கியக் காரணமாயிற்று. பின்தங்கியவருக்காக வேகத்தைக் குறைப்பவர்கள் எல்லா ஓடுபாதைகளிலும் இருக்கிறார்கள் போலும்.

•

என்னுடைய சந்திப்பு ஓர் இயன்முறை மருத்துவரின் அறையில் நிகழ்ந்தது. முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உட்புற விளிம்பில் வலியோடு போயிருந்தேன். அவர் கணுக்காலிலிருந்து மேல்நோக்கி, அந்த விளிம்பின் மீது கட்டைவிரலால் விரற்கடை விரற்கடையாக அழுத்திக்கொண்டே வந்து, ஒவ்வோர் இடத்திலும் என் முகத்தைப் பார்த்தார். ஏறத்தாழ ஒரு சாண் நீளத்துக்கு வலி பரவியிருந்தது தெரிந்ததும், "பரவாயில்லை, இது பரவலாக இருக்கிறது" என்று அவர் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு விளக்கினார்: விரல் நுனியால் சுட்டிக்காட்டக்கூடிய ஒரே இடத்தில் வலித்து, ஓய்விலும் இரவிலும் அது தொடர்ந்தால், எலும்பில் நுண்விரிசல் இருக்கக்கூடும் என்று கருதி ஓட்டத்தை உடனே நிறுத்த வேண்டும். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகலாம், எம்.ஆர்.ஐ. தேவைப்படும்.

அன்று அவர் சொன்னவற்றில் புதிதாக ஓடும் எல்லாருக்கும் தெரிய வேண்டியது, உடலின் பாகங்கள் ஒரே வேகத்தில் பழகுவதில்லை என்பதுதான். ஓடத் தொடங்கிய இரண்டொரு வாரங்களிலேயே இரத்தத்தின் நீர்ம அளவு கூடி, ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் அதிக இரத்தத்தை வெளியேற்றுகிறது; மூச்சிரைப்பு குறைந்து, இன்னும் கொஞ்சம் ஓடலாமே என்ற துணிச்சல் பிறக்கிறது. எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் காலம் வேண்டும். அதிலும் எலும்பு முதலில் பழைய பகுதியை அரித்து நீக்கிவிட்டு, அதன்பின் புதியதை நிரப்புவதால், இடையில் சில வாரங்கள் வழக்கத்தைவிடச் சற்றுப் பலவீனமாகவே இருக்கும். துணிச்சல் கூடும் காலமும் எலும்பு தளர்ந்திருக்கும் காலமும் ஒன்றாக வந்து சேர்வதுதான் தொல்லை. நிமிடத்துக்கு 160 காலடிகள் என்று கொண்டால் அரை மணி நேரத்தில் 4,800 காலடிகள். ஒவ்வொன்றிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் ஏறுகிறது.

அதே வேகத்தில் காலடிகளைக் குறுக்கி, அவற்றின் எண்ணிக்கையை 5 முதல் 10 விழுக்காடு கூட்டுமாறு அவர் சொன்னார். முழங்காலில் விழும் சுமை அதனால் குறையும். வாரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் தூரத்தைக் கூட்டக் கூடாது என்ற புகழ்பெற்ற விதியைப் பற்றிக் கேட்டேன். அதை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம் என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. நெதர்லாந்தில் புதிய ஓட்டக்காரர்களிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வில், அந்த விதிப்படி மெல்ல முன்னேறியவர்களுக்கும் வழக்கமான அட்டவணையைப் பின்பற்றியவர்களுக்கும் ஏற்பட்ட காயங்களில் வேறுபாடு காணப்படவில்லை. ஓடிய நாளுக்கு மறுநாள் ஓய்வு என்பதில் மட்டும் அவர் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

•

ஓடியே பழகாதவர்களை 5 கி.மீ. ஓட வைப்பதற்காக ஜாஷ் கிளார்க் 1996இல் உருவாக்கிய 'கவுச் டு 5கே' என்ற ஒன்பது வார அட்டவணையைப் பின்பற்றுகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். முதல் வாரம் 60 வினாடி ஓட்டம், 90 வினாடி நடை என்று சாதுவாகத் தொடங்குவது, ஐந்தாம் வாரத்தின் மூன்றாம் நாளில் நடையே இல்லாமல் 20 நிமிடம் ஓடச் சொல்லும். அதற்கு முந்தைய முறைவரை ஒரே மூச்சில் 8 நிமிடத்துக்கு மேல் அது கேட்டிருக்காது. அந்த நாளை எண்ணி நான் தயங்கிக்கொண்டிருந்தபோது, மாரத்தான்கள் பல ஓடிய ஓர் அக்கா பாதையோரமாகக் காலணிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, "மாரத்தான்லேயே நான் நடப்பேனே, உனக்கென்ன?" என்றார்.

1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே, ஓட்டத்துக்கு இடையே திட்டமிட்டு நடக்கும் முறையை எழுபதுகளிலிருந்தே கற்பித்தவர் என்பதையும், களைத்துப்போவதற்கு முன்பே நடப்பதுதான் அதன் சூட்சுமம் என்பதையும் அந்த அக்கா சொல்லித்தான் அறிந்தேன். அந்த 20 நிமிடத்தை இடையிடையே ஒரு நிமிட நடையோடு முடித்து, அதே வாரத்தை மறுபடியும் செய்து, பிறகே ஆறாம் வாரத்துக்குப் போனேன். ஒன்பது வாரம் என்பது அட்டவணை போட்டவரின் கணக்கு. உங்களுக்குப் பன்னிரண்டானாலும் எந்த நட்டமும் இல்லை.

•

எல்லாரும் மனிதர்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு எதிர்ப்பட்டது நாய். ஓடுவதைக் கண்டால் துரத்தத் தோன்றுவது அதன் இயல்பு என்பதால், அது குரைத்துக்கொண்டு வரும்போது வேகத்தைக் கூட்டுவதைவிட நடைக்கு மாறுவதே நல்லது. கண்ணை உற்றுப் பார்க்காமல், சற்றே பக்கவாட்டில் திரும்பி, கைகளை வீசாமல் மெல்ல விலகினால் பெரும்பாலும் அது ஆர்வம் இழந்துவிடும். என்னை விட்டதும் அப்படித்தான். பல்லோ நகமோ பட்டுவிட்டால், கீறல் சிறியதாயினும், சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்காக மருத்துவரிடம் போய்விடுங்கள். அன்றைய ஓட்டத்தை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.