தொடுதிரைக்குப் பணம் அனுப்புமுன்: பள்ளி மேலாண்மைக் குழுவைக் கேட்போம்

ஊர்ச் சொந்தங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊர்த் தொடக்கப் பள்ளிக்குத் வெளிநாட்டில் இருக்கும் நாம் பணம் அனுப்பித் தொடுதிரை வாங்கித் தர வேண்டும் என்று நம் ஊர்ச் சங்கச் செயலாளர் அண்ணன் எழுதியிருந்தார். நல்ல எண்ணம். ஆனாலும் பணம் அனுப்புவதைக் கொஞ்சம் நிறுத்திவைக்கச் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் என் பிள்ளைகள் படிக்கும் அரசுத் தொடக்கப் பள்ளியில், பெற்றோர்கள் வாக்களித்து என்னைக் கவர்னராக, அதாவது பள்ளியை மேற்பார்வையிடும் குழுவின் உறுப்பினராக, தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சம்பளம் கிடையாது, பதவிக்காலம் பொதுவாக 4 ஆண்டுகள். பள்ளி போக வேண்டிய திசையைத் தீர்மானிப்பது, தலைமையாசிரியரிடம் விளக்கம் கேட்பது, பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்ப்பது ஆகியவை எங்கள் பொறுப்பு. அன்றாட நிர்வாகத்தில் தலையிட மாட்டோம். ஆசிரியர் பாடம் நடத்தும் விதத்துக்கு மதிப்பெண் போடவும் எங்களுக்கு உரிமையில்லை. ஆனால் தலைமையாசிரியர் பதவி காலியானால் அடுத்தவரைத் தேர்ந்தெடுப்பது நாங்கள்தான்.

ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கென்று 2011 முதல் இங்குள்ள பள்ளிகளுக்கு அரசு தனி நிதி தருகிறது. எங்கள் பள்ளியில் அதில் ஓர் உதவி ஆசிரியரை நியமித்திருந்தார்கள். எங்கள் கவர்னர் குழுவில் லாரி ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். "அந்த உதவி ஆசிரியர் வந்த பிறகு அந்தப் பிள்ளைகளின் வாசிப்பு முன்னேறியிருக்கிறதா?" என்று கூட்டத்தில் கேட்டார். கேள்வி கூட்டக் குறிப்பில் ஏறிவிட்டதால் அடுத்த கூட்டத்தில் பதில் சொல்லியாக வேண்டும். விசாரித்தபோது, அந்த ஆசிரியர் வகுப்பு முழுவதற்கும் பொது உதவியாகவே இருந்தது தெரிந்தது. இப்போது காலையில் அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்கவைக்கிறார். இதற்குக் கல்வித்துறைப் பட்டம் எதுவும் தேவைப்படவில்லை. கேட்கும் உரிமையும் அக்கறையும் போதுமானவையாக இருந்தன.

அந்த உரிமை நம் ஊர்த் தாய்மார்களுக்கும் இருக்கிறது. இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது முக்கால் பங்குப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதுவதும் மானியம் செலவாகும் விதத்தைக் கண்காணிப்பதும் அவர்கள் பொறுப்பு. என்ன வாங்குவதென்று நாம் இங்கே உட்கார்ந்து முடிவுசெய்து அனுப்பினால், அந்தப் பெண்களுக்குக் கையெழுத்துப் போடுவதைத் தவிர என்ன மிச்சமிருக்கும்? திரை பழுதானால் யார் பொறுப்பு? கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா என்று நம்மில் யாராவது விசாரித்தோமா?

ஆகவே பொருளாளருக்கு என் வேண்டுகோள்: முதலில் குழுவின் வளர்ச்சித் திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் அவர்கள் முதலில் வைத்திருப்பது எதுவோ, அதற்குத் தீர்மானம் போட்டு நகல் அனுப்பட்டும். பிறகு பணம் அனுப்பலாம். ஆறு மாதம் கழித்து என்ன ஆயிற்று என்று நம்மிடம் சொல்வதும் குழுவாகவே இருக்கட்டும்.

இங்கிலாந்தில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. பெற்றோர் கவர்னர் தேர்தல் அறிவிப்பு வீட்டுக்கு வந்தால் தயங்காமல் பெயர் கொடுங்கள். பயிற்சி தருவார்கள். மனுவோடு தர வேண்டிய சிறு அறிமுகத்தை எழுத நான் கூட இருந்து உதவுகிறேன். தனி மடல் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்