ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பு வீடியோவில் ஆரஞ்சாகிறது, எங்கே தப்பு?

கானாடுகாத்தான் பையன்:
அடுத்த மாதம் அப்பச்சிக்குச் சாந்திக் கல்யாணம், அதாவது அறுபதாம் கல்யாணம். அன்று திரையில் ஓட்ட, எங்கள் வீட்டையும் அப்பத்தாவின் பழைய கண்டாங்கிச் சேலைகளையும் படமெடுத்து, எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளில் 1080 ஹெச்டி வீடியோவாக ரெண்டர் செய்தேன். போட்டோவில் முகப்புத் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பு அப்படியே இருக்கிறது, வீடியோவில் ஆரஞ்சு பக்கம் சாய்ந்து, பச்சைப் பூவும் கொஞ்சம் இருண்டுவிட்டது. மூன்று நாளாக மண்டை காய்கிறது.

தேவகோட்டை ரசிகன்:
சாச்சுரேஷனை (நிற அடர்த்தியை) கொஞ்சம் குறைத்துப் பாருங்களேன்.

எடிட் மேசை:
தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள், எல்லா நிறமும் சேர்ந்து வெளுத்துவிடும். தம்பி, ஒன்று சொல்லுங்கள், அந்த வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரும் கறுப்புத் தூண்களும் எப்படி இருக்கின்றன?

கானாடுகாத்தான் பையன்:
அவை இரண்டும் போட்டோவில் இருப்பது போலவேதான் அண்ணே.

எடிட் மேசை:
அப்படியானால் ரேஞ்ச், அதாவது கறுப்பு முதல் வெள்ளை வரைக்குமான எண் எல்லை, பிரச்சினை இல்லை. வீடியோவின் 16-235, போட்டோவின் 0-255 என்ற எல்லைகளில் குழப்பம் இருந்தால் கறுப்பு சாம்பலாகியிருக்கும், இல்லையென்றால் நிழலெல்லாம் அடைத்துப் போயிருக்கும். வெள்ளையும் கறுப்பும் நிலையாக நிற்க, சிவப்பும் பச்சையும் மட்டும் நகர்கிறது என்றால் அது மேட்ரிக்ஸ், அதாவது போட்டோவின் நிறத்தை வீடியோ நிறமாக மாற்றும் கணக்கு. போட்டோ ஆர்ஜிபி, அதாவது சிவப்பு, பச்சை, நீல அளவுகளாக இருக்கும்; வீடியோவோ வெளிச்சத்தைத் தனியாகவும் நிறத்தைத் தனியாகவும் வைக்கும்; அந்த வெளிச்சக் கணக்கில் சிவப்பின் பங்கு பழைய டிவித் தரமான பிடி.601-இல் 0.299, ஹெச்டிக்கான தரமான பிடி.709-இல் 0.2126. நீங்கள் எதுவும் சொல்லாததால் மாற்றம் 601-இல் நடந்திருக்கும். கோப்பில் குறிப்பு இல்லாததால் பிளேயர் ஹெச்டி அளவைப் பார்த்து 709 என்று எடுத்துக்கொண்டது. எஃப்எஃப்எம்பெக்கின் ஸ்கேல் ஃபில்டரில் அவுட் கலர் மேட்ரிக்ஸ் என்ற அமைப்பை பிடி709 என்று கொடுங்கள், அப்புறம் கலர்ஸ்பேஸ், பிரைமரீஸ், டிரான்ஸ்ஃபர் என்ற மூன்று நிறக் குறிப்புகளுக்கும் அதே பெயரைக் கோப்பில் எழுதுங்கள். எழுதுவதை மட்டும் செய்தால் போதாது, மாற்றமும் நடக்க வேண்டும்.

இன்னொன்று, ஐபோன் படங்கள் டிஸ்ப்ளே பி3 என்ற அகலமான நிற வரம்பில் இருக்கும். முதலில் வழக்கமான எஸ்ஆர்ஜிபி வரம்புக்கு மாற்றிவிடுங்கள், அதன் பிரைமரிகளும் (அடிப்படைச் சிவப்பு, பச்சை, நீலம்) 709-இன் பிரைமரிகளும் ஒன்றேதான்.

கானாடுகாத்தான் பையன்:
வந்துவிட்டது அண்ணே! போட்டோவையும் வீடியோவையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அதே சிவப்பு. ஆனால் மஞ்சள் கண்டாங்கியில் அரக்குக் கோடுகள் மட்டும் ஓரம் கசிந்தாற்போல் தெரிகின்றனவே?

எடிட் மேசை:
அது 4:2:0 என்ற நிறச் சேமிப்பு முறையால் வருவது. நான்கு பிக்சலுக்கு ஒரு நிறம்தான் சேமிக்கப்படுகிறது, மெல்லிய கோட்டுக்கு அது போதாது. முழுப் புடவையைக் காட்டாமல் கட்டங்கள் பெரிதாகத் தெரியும்படி முந்தானையை நெருக்கமாக எடுத்துப் போடுங்கள், கோடு ஐந்தாறு பிக்சல் அகலம் வந்துவிட்டால் கசிவு கண்ணுக்குப் படாது.

கானாடுகாத்தான் பையன்:
சரி அண்ணே, நாளைக் காலை வளவில் (உள் முற்றத்தில்) வெயில் விழுவதற்குள் எடுத்துவிடுகிறேன்.