ஹார்டுவேர் வாலட் எதை நம்பி வாங்குறது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம் மக்களே, தம்பி ஆன்லைன்ல ஏதோ ஒரு கடையில ஹார்டுவேர் வாலட் (கிரிப்டோ காசோட ரகசிய சாவியை வெச்சிருக்கிற சின்ன டிவைஸ்) ஆர்டர் போட்டிருந்தான், நேத்து வந்துச்சு. சீல் எல்லாம் பக்காவா இருக்கு, ஆனா ரெக்கவரி கார்டுல 24 வார்த்தையும் (சீடுன்னு சொல்வாங்க, அது தெரிஞ்சா யாரும் காசை எடுத்துடலாம்) ஏற்கனவே பிரிண்ட் ஆகி, மேல ரீசார்ஜ் கூப்பன் மாதிரி சுரண்டுற சில்வர் பூச்சு வேற! அந்த வார்த்தைங்கள டிவைஸ்தான் நம்ம கண்ணு முன்னாடி புதுசா உருவாக்கணும், முன்னாடியே அச்சடிச்சு வந்தா அது எவன் கையிலயோ இருக்குன்னுதானே அர்த்தம், அதுல பத்து பைசா போடக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டேன்.

இப்ப வேற எதை வாங்குறதுன்னுதான் குழப்பம். வாலட் பண்ற லெட்ஜர் கம்பெனில 2020ல கஸ்டமர் அட்ரஸ், போன் நம்பரெல்லாம் லீக் ஆச்சு, அப்புறம் 2023 மே மாசம் சீடை மூணு துண்டாக்கி மூணு கம்பெனிகிட்ட வைக்கிற ரெக்கவர் சர்வீஸ் கொண்டு வர்றோம்னாங்க, இஷ்டம் இருந்தா மட்டும்தான்னாலும் ஃபர்ம்வேர் (டிவைஸ் உள்ள ஓடுற சாஃப்ட்வேர்) நெனச்சா சீடு வெளிய போகும்ங்கிறது மனசை உறுத்துது. இன்னொரு கம்பெனியான ட்ரெஸர் ஓப்பன் சோர்ஸ் (கோடை யார் வேணாலும் பார்க்கலாம்), அது புடிச்சிருக்கு, ஆனா பழைய மாடல்கள் கையில கிடைச்சா 15 நிமிஷத்துல சீடை எடுத்துடலாம்னு 2020ல க்ராக்கன்ங்கிற கிரிப்டோ வாங்கி விக்கிற எக்ஸ்சேஞ்சோட டீம் காட்டினாங்க, சீடோட கூடுதலா நாமளே வெக்கிற பாஸ்ஃப்ரேஸ் போட்டிருந்தா மட்டும் தப்பிக்கலாம்.

கம்பெனி சைட்லயே நேரா வாங்கி இந்தியாவுக்கு வரவழைச்சவங்க யாராச்சும் இருக்கீங்களா, கஸ்டம்ஸ் எவ்ளோ ஆச்சு, வந்தது ஒரிஜினல்தான்னு எப்படி செக் பண்ணீங்க? பாஸ்ஃப்ரேஸ் வெச்சிருக்கவங்க அதை எங்க எப்படி பத்திரப்படுத்துறீங்கன்னும் சொல்லுங்க ப்ளீஸ், தம்பி சேத்து வெச்ச காசு இன்னும் எக்ஸ்சேஞ்ச்லயேதான் கெடக்கு.