பாதிப்பாதி ஸ்கார்ஃப் போட்டவன் ரசிகனே இல்லையாம்!

சைடுபெஞ்ச்:
உள்ளூர் கால்பந்து கிளப்பை ஆதரிக்கும் மரபுகள் பற்றி நேற்று இங்கே ஒரு நீளமான பதிவு வந்தது. கோஷம், கொடி, அப்பா நின்ற கேலரியிலேயே பிள்ளையும் நிற்பது என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு வரி: "பாதிப்பாதி ஸ்கார்ஃப் போட்டு வருகிறவனை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். அவன் ரசிகன் இல்லை, சுற்றுலாப் பயணி." எழுதியவர் நம் வடக்குகேலரி. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன், ஒரு பாதியில் நம் கிளப்பின் நிறமும் சின்னமும், மறு பாதியில் எதிரணியுடையது, நடுவில் ஆட்டத் தேதி. மைதானத்துக்கு வெளியே நடைபாதையில் கூவி விற்பார்கள். ஒரு முழம் துணியைப் பார்த்து யார் ரசிகன், யார் இல்லை என்று தீர்ப்பு எழுத இவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

வடக்குகேலரி:
எழுதியது நான்தான். ஒரு எழுத்தைக்கூட மாற்றப் போவதில்லை. ஆட்டம் தொடங்குவதற்கு முன் கேலரி முழுக்க ஸ்கார்ஃபை இரண்டு கையாலும் தலைக்கு மேல் விரித்துப் பிடிப்பார்களே, அதை உள்ளே நின்று பார்த்திருக்கிறீர்களா? டிவியில் பார்த்த கணக்கெல்லாம் வேண்டாம். முன்வரிசையிலிருந்து மேல்வரிசை வரை ஒரே நிறம், முகம்கூடத் தெரியாது, வெறும் விரல்களும் துணியும்தான். அதற்கு நடுவில் ஒருத்தன் எதிரணியின் சின்னத்தையும் சேர்த்துத் தூக்கிப் பிடிக்கிறான். கல்யாண மண்டப வாசலில் மாப்பிள்ளைக்கும் பெண்ணின் பழைய காதலனுக்கும் சேர்த்து ஒரே பேனர் வைத்த மாதிரி. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

லைன்ஸ்மேன்:
அண்ணே, பேனர் உதாரணம் பிரமாதம். ஆனால் லிவர்பூல் நகரத்தில் நடந்தது தெரியுமா? 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானம். கூட்ட நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் செத்துப்போனார்கள். அடுத்த வாரமே லிவர்பூல் மைதானமான ஆன்ஃபீல்டிலிருந்து ஸ்டான்லி பார்க் வழியாக, அதே ஊரின் இன்னொரு கிளப்பான எவர்ட்டனின் மைதானம் குடிசன் பார்க் வரை சிவப்பு, நீல ஸ்கார்ஃப்களை ஒன்றோடு ஒன்று முடிந்து கட்டினார்கள். ஜென்மப் பகையாளி என்று நீங்கள் சொல்லும் அந்த எவர்ட்டன்காரர்கள் கட்டியதும் அதில் உண்டு. அவர்களும் சுற்றுலாப் பயணிகளா?

வடக்குகேலரி:
துக்கத்தை இழுத்து வாதத்தில் ஜெயிக்கப் பார்க்காதீர்கள், தம்பி. சரி, இழுத்துவிட்டீர்கள், பதில் சொல்கிறேன். சிவப்பு ஸ்கார்ஃப் முழுச் சிவப்பு. நீல ஸ்கார்ஃப் முழு நீலம். அவனவன் தன் கழுத்திலிருந்து கழற்றிக் கட்டினான். இரண்டையும் முடிந்ததுதான் சங்கிலி, அது பாதிப்பாதி இல்லை. அதனால்தான் அதற்கு அத்தனை மதிப்பு. என் கட்சிக்கு நீங்களே சாட்சி கொண்டுவந்ததற்கு நன்றி.

சைடுபெஞ்ச்:
முடிந்து கட்டினால் புனிதம், சேர்த்துத் தைத்தால் துரோகமா? எல்லாம் ஊசி நூல் செய்த குற்றம் போலிருக்கிறது.

ஊதாக்கொடி:
நான் வடக்குகேலரி பக்கம். நிறம்தான் கிளப். 2005இல் ரெட்புல் பான நிறுவனம், ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க்கின் பழைய கிளப்பை வாங்கி ஊதா வெள்ளையைச் சிவப்பு வெள்ளையாக்கியது. ரசிகர்கள் பேசிப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள், நடக்கவில்லை என்றதும் வெளியே வந்து பழைய பெயரில் புதுக் கிளப் தொடங்கி ஏழாம் பிரிவிலிருந்து ஆடினார்கள். அந்தப் பக்கம் கோப்பை மேல் கோப்பை. இந்தப் பக்கம் ஊதா மட்டும். வேல்ஸின் கார்டிஃப் சிட்டி கிளப்பிலும் இதே கதைதான். 2012இல் முதலாளி நீல ஜெர்சியைச் சிவப்பாக்கினார், 2013இல் அணி முதல் பிரிவான பிரீமியர் லீக்குக்கே ஏறியது, அப்படியும் ரசிகர்கள் விடவில்லை. 2015 ஜனவரியில் நீலம் திரும்பி வந்தது. ஒரு நிறத்துக்காக இவ்வளவு பாடுபட்டவர்கள் முன்னால் பாதிப்பாதியைப் போட்டுக்கொண்டு நிற்பதற்குக் கூச்சம் வேண்டாமா?

லைன்ஸ்மேன்:
ஊதாக்கொடி, கார்டிஃப் சிவப்பில் ஏறியபோது சிவப்பு ஜெர்சி போட்டுக் கத்தியவர்களும் இருந்தார்கள். அவர்களையும் திருப்பி அனுப்பச் சொல்வீர்களா?

ஊதாக்கொடி:
சொல்வேன்.

லைன்ஸ்மேன்:
அப்படியென்றால் கேலரியில் நீங்களும் வடக்குகேலரியும் மட்டும் உட்கார்ந்து கொள்ளுங்கள். ஒரு ஸ்கார்ஃபே போதும், ஆளுக்குப் பாதி.

வடக்குகேலரி:
சிரிப்பு முடிந்ததா? VAR என்னும் வீடியோ நடுவர் முறை பற்றிய திரியிலும் இதே ஆள் இப்படித்தான். பதில் இல்லாவிட்டால் ஜோக். நான் மறக்கவில்லை.

லைன்ஸ்மேன்:
அந்தத் திரியில் நான்கு பேர் கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை என்பதை நானும் மறக்கவில்லை. அதை விடுங்கள். ஜெர்மனியில் ஷால்கேயும் நியூரம்பெர்க்கும் பல பத்தாண்டுகளாக நட்புக் கிளப்புகள். இரண்டு சின்னமும் சேர்ந்த நட்பு ஸ்கார்ஃப் அங்கே சாதாரணம். போடுகிறவர்கள் நின்றுகொண்டே ஆட்டம் பார்க்கும், தொண்டை கிழியப் பாடும், பரம்பரை ரசிகர்கள். அவர்களிடம் போய் நீ சுற்றுலாப் பயணி என்று சொல்லிப் பாருங்களேன், தைரியமிருந்தால்.

வடக்குகேலரி:
படித்துவிட்டு எழுதுங்கள் தம்பி. நான் சொன்னது எதிரணி. நட்பு அணி வேறு, எதிரணி வேறு.

சைடுபெஞ்ச்:
அந்த இரண்டு அணிகளும் ஒரே பிரிவில் ஒன்றோடொன்று மோதியிருக்கின்றன, ஐயா. மோதும் அந்தத் தொண்ணூறு நிமிடம் அது நட்பு ஸ்கார்ஃபா, துரோக ஸ்கார்ஃபா? விசில் அடித்ததும் துணியின் ஜாதி மாறிவிடுமா?

வடக்குகேலரி:
நட்பு என்றால் நட்பு. நடைபாதையில் வாங்கிய பாதிப்பாதி என்றால் பாதிப்பாதி. இதற்கு மேல் எப்படி விளக்குவது?

மலர்9:
ரசிகர் பண்பாடு என்று தலைப்பு. அதில் வேறு எதுவுமே இல்லையா? ஜெர்மனியில் யூனியன் பெர்லின் கிளப்பின் ரசிகர்கள் 2008இல் தொடங்கித் தங்கள் மைதானத்தைத் தாங்களே புதுப்பித்துக் கட்டினார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சம்பளமில்லாமல் வேலை செய்தார்கள். அதற்கு முன்பே, 2003 டிசம்பரில், அணி மோசமாக ஆடிக்கொண்டிருந்த நேரத்தில் 89 பேர் மைதானத்துக்குள் ரகசியமாக நுழைந்து கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடினார்கள். இப்போது அதே பாட்டுக்கு ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். லண்டன் விம்பிள்டனில் கிளப்பை வேறு ஊரான மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக அனுமதி கிடைத்ததும், 2002இல் ரசிகர்களே ஏஎஃப்சி விம்பிள்டனைத் தொடங்கினார்கள். பொதுத் திடலில் ஆள் தேர்வு நடத்தி ஆரம்பித்த அணி, 2011இல் நான்காம் பிரிவுக்கு ஏறி ஃபுட்பால் லீக்குக்குள் வந்துவிட்டது. இதைப் பற்றி யாராவது பேசுங்களேன்.

வடக்குகேலரி:
அருமை அம்மணி. அந்த இரண்டாயிரம் பேரில் எத்தனை பேர் பாதிப்பாதி ஸ்கார்ஃப் போட்டிருந்தார்கள்?

மலர்9:
அம்மணி என்று கூப்பிடும் வேலை வேண்டாம். லைன்ஸ்மேனை "ஆண்மகனே" என்றா கூப்பிடுகிறீர்கள்? சொன்ன விஷயத்துக்குப் பதில் இருந்தால் எழுதுங்கள்.

வடக்குகேலரி:
மரியாதையாகக் கூப்பிட்டாலும் தப்பா? சரி, மலர்9. உங்கள் உதாரணம் எல்லாமே எனக்குத்தான் சாதகம். விசுவாசம் என்றால் முழு விசுவாசம்.

கார்னர்கிக்:
ஸ்கார்ஃபை விடுங்கப்பா. 85ஆவது நிமிடத்தில் வண்டியை எடுக்க ஓடுகிறார்களே, அவர்கள்தான் உண்மையான துரோகிகள். பின்வரிசைக்காரன் காலை மிதித்துக்கொண்டு போகும்போதுதான் சமன் கோல் விழும்.

சைடுபெஞ்ச்:
அப்படியானால் 2016 பிப்ரவரியில் ஆன்ஃபீல்டில் 77ஆவது நிமிடத்தில் எழுந்து போன ஆயிரக்கணக்கானவர்கள்? 77 பவுண்டு டிக்கெட்டை எதிர்த்து வெளிநடப்பு. லிவர்பூல் 2-0 என்று முன்னிலையில் இருந்தபோதே போனார்கள். சண்டர்லேண்ட் இரண்டு கோல் போட்டு 2-2 ஆக்கியது, ஆனால் சில நாளில் முதலாளிகள் அந்த விலையைக் கைவிட்டார்கள்.

கார்னர்கிக்:
போராட்டம் வேறு, பார்க்கிங் வேறு.

லைன்ஸ்மேன்:
இந்த விஷயத்தில் வடக்குகேலரி அண்ணன் கருத்து என்ன? போன சீசன் கடைசி ஆட்டத்தில் 80ஆவது நிமிடத்திலேயே கிளம்பிவிட்டதாக அவரே எழுதியிருந்தார். கேட்கலாமா, கூடாதா?

வடக்குகேலரி:
அது கடைசி ரயில். 0-3. ரயில் உனக்காக நிற்காது. கழுத்தில் முழு ஸ்கார்ஃபோடு போனேன், தெரிந்துகொள். பாதிப்பாதி போட்டுக் கடைசி விசில் வரை உட்கார்ந்திருப்பவனைவிட முழு ஸ்கார்ஃபோடு 80இல் போகிறவன் மேல்.

கார்னர்கிக்:
இது நான் கேள்விப்படாத சட்டமாக இருக்கிறதே. மேல் எல்லாம் கிடையாது. போனால் போனதுதான்.

சைடுபெஞ்ச்:
ஒரு கேள்வி. 2010 மார்ச்சில் இத்தாலியின் மிலான், மான்செஸ்டர் யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் 4-0 என்று தோற்ற அன்று, முன்பு யுனைடெட்டில் இருந்து அன்று மிலானுக்கு ஆடிய பெக்கம் வெளியே போகும்போது பச்சை பொன் ஸ்கார்ஃபைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். முதலாளிகளான கிளேசர் குடும்பத்தை எதிர்த்து யுனைடெட் ரசிகர்கள் அணிந்தது, கிளப்பின் முதல் பெயரான நியூட்டன் ஹீத்தின் நிறம். எதிரணி வீரரே தங்கள் ஸ்கார்ஃபைப் போட்டதற்கு அன்று யுனைடெட் ரசிகர்கள் ஆரவாரம் செய்தார்கள். எதிரணி நிறம் என்றால் தீட்டு என்கிறீர்களே, இது என்ன?

வடக்குகேலரி:
அது முழு ஸ்கார்ஃப்.

சைடுபெஞ்ச்:
கேள்வி அதுவா?

வடக்குகேலரி:
கேள்வி எப்போதும் அதுதான். முழுசா, பாதியா? பச்சை பொன் ஸ்கார்ஃபில் மிலான் சின்னம் இருந்ததா? இல்லை. முடிந்தது.

ஊதாக்கொடி:
இருந்தாலும் வடக்குகேலரி, 80ஆவது நிமிடத்தில் கிளம்பியதை என்னால் ஏற்க முடியாது. நானும் அதே 0-3ஐ இருந்து பார்த்தவன்தான். எனக்கும் ரயில் இருந்தது.

வடக்குகேலரி:
உன் ரயில் வேறு, என் ரயில் வேறு, ஊதா. நீயுமா? போன மாதம் கொடி ஏற்றுவதற்கு ஆள் கேட்டபோது நீ எங்கே போயிருந்தாய் என்று நான் இங்கே எழுதட்டுமா?

ஊதாக்கொடி:
எழுதுங்கள். அந்தக் கொடிக்கு வசூலித்த பணத்தின் கணக்கையும் சேர்த்து எழுதுங்கள்.