டூப்ளெக்ஸ் வீட்டுக்குத் தமிழில் என்ன? – வெள்ளிக்குள் வேண்டும்

காட்பாடி, மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். காந்தி நகரில் விற்பனைக்கு வரும் வீட்டின் விளம்பரத் தாளை வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குத் தர வேண்டும். நாலாம் தளமும் ஐந்தாம் தளமும் சேர்ந்து ஒரே வீடு, உள்ளேயே படிக்கட்டு. ஆங்கிலத் தாளில் 'பிரைட் டூப்ளெக்ஸ் காண்டோ', 'டிரெண்டி' ஏரியா என்றிருக்கிறது. டூப்ளெக்ஸுக்குக் கைவசம் இருப்பது தொலைத்தொடர்பில் புழங்கும் 'இருவழி'தான். அதைப் போட்டால் வீட்டுக்கு இரண்டு வாசல் என்று வருவார்கள். 'இருமாடி வீடு' சரிவருமா?

சத்துவாச்சாரி, கட்டடப் பொறியாளர்:

இருமாடி வேண்டாம் மேடம். நம்மூரில் தரைத்தளத்தை மாடிக் கணக்கில் சேர்ப்பதில்லை. 'ரெண்டு மாடி வீடு' என்றால் கீழே ஒன்று, மேலே இரண்டு, ஆக மூன்று தளம். இங்கே இருப்பது இரண்டே தளம். 'இரட்டை வீடு' என்றால் நடுச்சுவர் ஒட்டிய இரண்டு குடித்தனம். அமெரிக்காவில் வெறும் டூப்ளெக்ஸுக்குப் பெரும்பாலும் அதுதான் பொருள். டூப்ளெக்ஸ் அபார்ட்மென்ட் என்றால்தான் இரண்டு தளத்தில் ஒரு குடித்தனம். நாம் அந்த இரண்டாவதைப் பிடித்துக்கொண்டோம்.

குடியாத்தம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

வேரிலிருந்து தொடங்குவோம். டூப்ளெக்ஸ் இலத்தீன் சொல். 'டூ' இரண்டு, 'ப்ளெக்ஸ்' மடித்தல். தமிழிலும் மடி, மடங்கு இரண்டும் மடித்தலிலிருந்தே அளவைக் குறிக்க வந்தவை. ஆகவே 'இருமடி இல்லம்' மயிரிழை பிசகாத நேர்ச்சொல். மடி பிடிக்காதவர்களுக்கு 'நிலை' இருக்கிறது. சிலம்பில் கோவலனும் கண்ணகியும் இருந்தது 'நெடுநிலை மாடத்து இடைநிலத்து'. வேலூர்க் கோட்டைக்குள் சலகண்டேசுவரர் கோபுரத்தை எழுநிலை என்கிறோமே, ஏழு மாடி என்கிறோமா? 'இருநிலை மாடம்' என்று வையுங்கள், தாளுக்கே ஒரு களை வரும்.

வாலாஜா, மென்பொருள் தமிழாக்கம்:

ஐயா, மடிக்கணினி வந்தபிறகு இருமடி இல்லம் என்றால் மடித்துக் கையில் எடுத்துப்போகிற வீடு என்பார்கள். 'மடி'க்கு ஆசாரம், சோம்பல் என்றும் பொருள் உண்டு. இருநிலையோ, இரண்டு நிலையில் நிற்கக்கூடிய மின்சுற்றுக்கு ஏற்கெனவே போய்விட்டது. 'ஈரடுக்ககம்' என் முன்மொழிவு. தயவுசெய்து 'இரு அடுக்கு' என்று எழுதாதீர்கள், அடுத்து உயிரெழுத்து வந்தால் ஈர்தான்.

ஆரணி, பத்திர எழுத்தர்:

ஈரடுக்கு என்றால் கட்டடமே இரண்டடுக்கு என்று ஆகிவிடும். இது ஐந்து மாடிக் கட்டடம். ஐயாவுக்குப் பிடித்த இலக்கணத்திலேயே வழி இருக்கிறது: அடுக்குத்தொடரைப் பிரிக்கலாம், இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் போய்விடும். இந்த வீடு இரட்டைக்கிளவி. மேல்தளத்தை மட்டும் தனியே விற்க முடியாது. பத்திரத்தில் நாங்கள் பெயருக்காக மண்டையை உடைப்பதில்லை. 'நான்காம், ஐந்தாம் தளங்களில் உட்புறப் படிக்கட்டால் இணைந்த ஒரே குடியிருப்பு' என்று எழுதி, சொத்து விவரத்தில் தளவாரியாகப் பரப்பைப் பிரித்துக் காட்டி, மனையில் பிரிபடாத பாகத்தை, அதாவது பொதுவான நிலத்தில் இந்த வீட்டுக்குரிய பங்கை, சதுர அடியில் போடுகிறோம். மொத்தக் கட்டடம் 18,000 சதுர அடி, மனை 9,600, இந்த வீடு இரண்டு தளமும் சேர்த்து 1,500 என்றால் பாகம் 800 சதுர அடி. ஒரு தளத்தின் பரப்பை மட்டும் வைத்துப் பாகம் கணக்கிட்டு ஏமாறுவது இந்த மாதிரி வீட்டில்தான் நடக்கும்.

காண்டோவுக்குச் சிங்கப்பூரில் கூட்டுரிமை வீடு, இலங்கையில் கூட்டாதனம். இங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு போதும்.

சத்துவாச்சாரி:

சார் சொன்னதில் 'உட்புறப் படிக்கட்டு'தான் விஷயம். பெயர் அதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்குபவர் காசு கொடுப்பதும் வயதானபின் முட்டி வலிப்பதும் அதனால்தான். தளத்துக்குத் தளம் 3 மீட்டர் என்றால் 16 ஏற்றம் (படியின் உயரம்), ஒவ்வொன்றும் 187.5 மி.மீ. தேசியக் கட்டட விதித்தொகுப்பில் வீட்டுக்குள் உச்சவரம்பு 190. மிதி (கால் வைக்கும் பரப்பின் அகலம்) 250க்குக் குறையக் கூடாது. இடம் மிச்சம் என்று ஒரு படியைக் குறைத்தால் 200க்குப் போய்விடும். 15 மிதி நேராகப் போனாலே 3.75 மீட்டர் நீளம். ஒரு மீட்டர் அகலத்துக்குச் சுமார் 40 சதுர அடி. திருப்புமேடை வைத்தால் இன்னும் கூடும்.

இன்னொன்று, தரைக்குச் சாந்தும் டைல்ஸுமாக 50 மி.மீ., படிக்குக் கிரானைட் 20 மி.மீ. என்று போட்டுவிட்டு, கான்கிரீட் போடும்போது அந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுவார்கள். முதல் படி 30 மி.மீ. குட்டையாகவும் கடைசிப் படி 30 மி.மீ. உயரமாகவும் நிற்கும். அந்தக் கடைசிப் படியில்தான் எல்லாரும் தடுக்குவார்கள்.

என் ஓட்டு: உள்மாடி வீடு. உள்ளுக்குள்ளேயே மாடி. எண்ணும் வேண்டாம், மடியும் வேண்டாம்.

குடியாத்தம்:

சொல் நன்று, புணர்ச்சி பிழை. முள் + முடி முண்முடி. நாள் + மீன் நாண்மீன். உள் + மாடி 'உண்மாடி'தான்.

வாலாஜா:

உண்மாடி என்றால் மாடியில் ஓட்டல் என்று படிப்பார்கள் ஐயா. உள்மனம், உள்மூச்சு எல்லாம் யாரும் உண்மனம், உண்மூச்சு என்று எழுதுவதில்லையே.

குடியாத்தம்:

எழுதாதது அவர்கள் குறை. மாடியே எதற்கு? வட ஆற்காட்டில் பெரியவர்கள் வாயில் 'மெத்தை வீடு'தான். மெத்துதல் என்றால் மிகுதல், நிரப்புதல். மரவிட்டத்தின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பை மெத்தி எழுப்பிய தளம், அதனால் மெத்தை என்பது என் எண்ணம். சித்தூர்ப் பக்கம் தெலுங்கில் 'மித்தெ' என்பதும் இதுவாகவே இருக்கலாம். யார் யாரிடம் வாங்கினார்கள் என்பது தனி இழைக்கு உரியது. 'உண்மெத்தை' எவ்வளவு அழகு!

ஆரணி:

படுக்கை விற்கிற கடை விளம்பரம் ஆகிவிடும்.

காட்பாடி:

நாளை காலை தர வேண்டும். 'டிரெண்டி'க்கு 'மவுசுள்ள பகுதி' என்று வைத்துவிட்டேன், 'பேட்டை' போடலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். 'பிரைட்' மட்டும் இடிக்கிறது. 'ஒளிவெள்ளம்' எழுதலாமா?

சத்துவாச்சாரி:

வேலூர் வெயிலுக்கு ஒளிவெள்ளம் என்றால் ஆள் பாதி வழியில் திரும்பிவிடுவார். குளிர் நாட்டில்தான் அது விலையைக் கூட்டும். இரண்டு தள உயரக் கண்ணாடி மேற்கே இருந்தால் கத்திரியில் சூடு படிக்கட்டு வழியாக ஏறி மேல் அறைகளில் தங்கும். மேலே ஏசி போட்டால் குளிர் கீழே வழிந்துவிடும். படிக்கட்டு வாய்க்கு ஒரு கதவு இருக்கிறதா பாருங்கள். கண்ணாடி வடக்கே இருந்தால் அதையே எழுதுங்கள்: 'வடக்கு வெளிச்சம், நல்ல காற்றோட்டம்'. கூடவே கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் புழங்கும் தரைப் பரப்பு. 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி அதில் வெளிச்சுவர், பால்கனி, திறந்த மொட்டைமாடி சேராது, உள்சுவர் சேரும். கூடத்துக்கு மேல் திறந்துகிடக்கும் வெற்றிடத்தை மேல்தளக் கணக்கில் ஏற்றியிருந்தால் கழிக்கச் சொல்லுங்கள், அங்கே தரையே இல்லை.

காட்பாடி:

நன்றி. தலைப்பில் 'உள்மாடி டூப்ளெக்ஸ் வீடு', அடுத்த வரிகளில் உள்மாடி வீடு. மூன்று பேர் சரி என்றதால் அச்சுக்கு அனுப்புகிறேன். வாலாஜா நண்பர் ஈரடுக்ககத்தை விட்டுக்கொடுத்தாரா, ஓய்ந்துபோனாரா தெரியவில்லை.

வாலாஜா:

ஓய்ந்துபோனேன்.

குடியாத்தம்:

அனுப்புங்கள் அம்மா, தடுக்கவில்லை. குழுவின் சொற்பட்டியலில் மட்டும் உள்மாடிக்குப் பக்கத்தில் 'உண்மாடி' என்றும் பதியுங்கள். மெத்தை பற்றித் தனி இழை இன்றிரவு தொடங்குகிறேன்.